விண்ணப்பத்தில் இல்லாத மனைவி

இன்று காலை நான் வேலை பார்க்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் டைப் அடிக்க வேண்டும் என்று கையால் எழுதிய தாளை நீட்டினார். நீட்டிய கையின் சட்டை மடிப்பிலிருந்து டிங்சர் வாசனை வந்தது. தாளை வாங்காமல் அந்தச் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவர் கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கம்பவுண்டரா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. ராயப்பேட்டையில ஒரு டாக்டர்கிட்ட கீறேன். சிங்கப்பூருக்கு ஆள் எடுக்கறாங்கோ." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கல்யாணம்னு வர்ற எடத்துல மட்டும் ஆவலேன்னு போட்டுடுங்க. அப்பத்தான் சீக்கிரம் எடுப்பானாம்."

"ஆயிடுச்சா, ஆகலையா?"

"ஆயி ரெண்டு வருசமாவுது. பேப்பர்லதானே, இன்னா இப்போ?"

தாளைச் சொருகி, கார்பன் வைத்து, முழுவதையும் ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். அந்த இடம் வந்ததும் கல்யாணம் ஆனவர் என்று அடித்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். வேறு இடத்தில் அடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி, தன் கையெழுத்துத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே இருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏம்மா, காலங்கார்த்தால வந்தவாளை விரட்டிண்டிருந்தா கடையை மூடிண்டு போகவேண்டியதுதான்" என்றார். பிறகு மேஜையில் கிடந்த கார்பன் நகலை எடுத்துப் படித்தார். அதை மடித்து என் மேஜையிலேயே வைத்துவிட்டு உள்ளே போனார். நான் யாருடைய மனைவி என்பது அவருக்குத் தெரியும்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் போனீர்கள். நான் இங்கே சாந்தோமில், உங்கள் அம்மாவோடு அதே இரண்டு அறை வீட்டில் இருக்கிறேன். மத்தியானத்துக்கு மேல் வேலை ஓடவில்லை. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு நான் எழுதிய கடிதங்களை எண்ணினால் ஒரு பெட்டி தேறும். அத்தனையிலும் ஒன்றில்கூட நான் உங்கள் மனைவியாக எழுதியதில்லை. அதனால் இதற்கு மேலே என்ன போட்டு ஆரம்பிப்பது என்று எனக்குப் பழக்கமில்லை. ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்கியது என்று யோசித்தால் தியாகராய நகர் டாக்டரிடமிருந்துதான் தொடங்கியது. எட்டு வருஷம் அவரிடம் மருந்து கலக்கினீர்கள். போர் முடிந்ததும் அவருடைய தங்கை மகன் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தான். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தவன், சர்ட்டிபிகேட் வைத்திருந்தான். டாக்டர் உங்களை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, ரொம்ப மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்றைக்குப் பாண்டி பஜாரிலிருந்து சாந்தோம் வரை நடந்தே வந்தீர்கள். என்ன சீக்கிரம் என்று கேட்டேன். "அந்தக் காப்பி நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னீர்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்த டாக்டர் வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். நீங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்காரவைத்தீர்கள்.

அடையாறு முதல் ஜார்ஜ் டவுன் வரை கேட்டுப் பார்த்தாயிற்று. எங்கே போனாலும் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் முன்னால் நின்றார்கள். அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு ஆஸ்பத்திரி ஆள் தேவை, மூன்று வருஷ ஒப்பந்தம், கல்யாணம் ஆகாதவர்களுக்கு முன்னுரிமை. கடைசி விஷயத்தை நாம் இருவருமே படித்தோம். இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

நாம் சேர்ந்து எழுதிய முதல் விண்ணப்பம் இரண்டு பக்கம். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நம் ஊரில் வேலை கேட்கிறவன் முதலில் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவன் என்பார்கள். நான் அடித்த நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களில் இருந்த வாக்கியங்கள் என் விரலிலேயே இருந்தன. தாழ்மையிலும் தாழ்மையாக விண்ணப்பித்துக்கொள்வது என்று தொடங்கி, காலமான தகப்பனார், மூட்டுவலியில் கிடக்கும் தாயார், கரையேற வேண்டிய இரண்டு தங்கைகள், இளம் மனைவி என்று வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். நீங்கள் நல்லவர் என்பதற்குப் பங்குச் சாமியாரின் சாட்சி. உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்பது இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துக்கு மேலே ஒரே ஒரு வரியில் இருந்தது. அடித்து முடித்ததும், இப்படி ஒரு விண்ணப்பத்தைப் பார்த்தால் கல்லும் கரையும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கச்சேரி ரோட்டில் குடைக்கடை வைத்திருந்த பாயிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றது நீங்கள்தான். அவர் மலாயாவில், ஈப்போ ஊரில் இருபது வருஷம் கடை வைத்திருந்தவர். தோட்டத்துத் துரைமார்களுக்குச் சாமான் விற்று விற்று இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குடைக் கம்பி ஒன்றால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னா நைனா இது, வேல கேக்கற காயிதமா, தர்மம் கேக்கற காயிதமா?"

எனக்குச் சுருக்கென்றது. "எங்க ஊர்ல இப்படித்தான் பாய் எழுதறது" என்றேன்.

"உங்க ஊர் துரைக்கு சர்தான்மா. அங்க முப்பது மைலுக்கு டாக்டர் கெடையாது. ஒருத்தன் கை அறுத்துக்கினு ஓடி வந்தா இவர் இன்னா செய்வாரு, அத்த கேக்கறான் அவன். நீ இவங்க அம்மாவுக்கு மூட்டுவலின்னு எழுதிக் கீறே. அவன் இன்னா நெனப்பான்? அம்மாகிட்டேர்ந்து ஒரு தந்தி வந்தா இந்த ஆள் கப்பல் ஏறிடுவான்னு நெனப்பான்."

நீங்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கம்பவுண்டர் என்ற பேரே அங்கே கிடையாது, டிரெஸர் என்று எழுது என்றார். ஊசி போடுகிறவன், கட்டுக் கட்டுகிறவன், மருந்து கலக்குகிறவன் எல்லாம் அங்கே ஒரே ஆள்தான், அவனுக்கு அதுதான் பேர். "ஒரு பக்கம். அதுக்கு மேல எழுதினா தொரை படிக்க மாட்டான்" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொருவராக எடுத்தோம். முதலில் உங்கள் அப்பா. அவர் போய்ச் சேர்ந்தவர், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தங்கைகள். அம்மாவின் வரிக்கு வந்தபோது நீங்கள் பென்சிலை வைத்துக்கொண்டு தயங்கினீர்கள். அடுப்பங்கரையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அத்தைக்கு எப்படித்தான் தெரிந்ததோ.

"இன்னாடா, நான் கீறேனா அதுல?"

"இல்லம்மா. எடுக்கச் சொல்றாரு பாய்."

"சர்தான். சாவறதுக்கு முன்னாடியே எடுத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு அத்தை சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.

எடுப்பது சுலபமாக இருந்தது. சேர்ப்பதுதான் உங்களால் முடியவில்லை. எனக்கு இது தெரியும், அது தெரியும் என்று உங்களுக்கு எழுத வரவில்லை. "என்னப் பத்தி நானே எப்பிடிச் சொல்லிக்கறது? எட்டு வருசம் டாக்டர் சொன்னத செஞ்சேன், அவ்ளோதான்" என்றீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நமக்குக் கல்யாணம் ஆன புதிதில் ஒரு காலை, குப்பத்திலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறி மறுபக்கம் வந்திருந்தது. நீங்கள் அவரை வாசல் படியில் உட்காரவைத்து, அவருடைய மகள் பெயரையும் படகின் பெயரையும் விசாரித்துக்கொண்டே முள்ளின் முனையை நறுக்கி இழுத்து, நாலு தையல் போட்டு அனுப்பினீர்கள். அதற்குள் நான் போட்ட காப்பி ஆறவில்லை. அதைச் சொன்னேன். அது ஒரு வேலையா என்றீர்கள். நீங்கள் சொல்லவே வேண்டாம், நான் பார்த்ததை நான் எழுதுகிறேன் என்று பென்சிலைப் பிடுங்கிக்கொண்டேன். சிறு அறுவை, தையல், மலேரியா ஊசி, பிரசவத்துக்குப் பிந்திய கவனிப்பு என்று பத்து வரி எழுதினேன். எழுத எழுத உங்கள் காது சிவந்தது. நான் கல்யாணம் செய்துகொண்ட மனுஷன் யார் என்று எனக்கே அன்றைக்குத்தான் வரிசையாகத் தெரிந்தது.

கடைசியில் ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. அதை ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்தோம்.

"வேணாம். விட்ரு. இங்கியே ஏதாச்சும் கெடைக்கும்" என்று நீங்கள் சொன்னீர்கள். அதை நீங்கள் சொன்னீர்கள் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்தது என் வேலை. உங்களுக்கு வேலை போய் நாலு மாதம் ஆகியிருந்தது. தினம் காலையில் டாக்டரிடம் போகும் அதே நேரத்துக்குக் குளித்து, சட்டை போட்டு, எங்கே போவது என்று தெரியாமல் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தீர்கள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஒரு வார்த்தைதானே, பேப்பரில்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை இன்ஸ்டிட்யூட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் புதுத் தாளைச் சொருகினேன். மனைவி கணவர் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். மேலே உங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. நாலு வரி தள்ளி, கல்யாணம் ஆகாதவர் என்று அடித்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. நான் நல்ல டைப்பிஸ்ட்.

கொண்டுவந்து காட்டியபோது நீங்கள் ரொம்ப நேரம் படித்தீர்கள். "சுத்தமா அடிச்சிருக்கே" என்றீர்கள். என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. கிழித்துப் போடுவீர்கள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

துறைமுகத்துப் பக்கம் இருந்த கம்பெனி ஏஜெண்டு நேரில் பார்க்க வரச்சொன்னான். அப்போதுதான் மோதிர நினைவு வந்தது. கழற்றினால் விரலில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது. பத்து நாள் கடற்கரையில் கையை வெயிலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பக்கத்தில் நான் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், உங்கள் தலைக்கு நிழல், கைக்கு மட்டும் வெயில். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நம்மைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பத்து நாள் மாதிரி நாம் அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை. கப்பலேறுவதற்கு முன்னால் சொல்லவேண்டியதை எல்லாம் அங்கேயே சொல்லி முடித்துவிட்டோம். அந்தக் கடற்கரைக்கு இப்போது நான் போவதில்லை.

ஏஜெண்டு ஒரே ஒரு கேள்விதான் வேலையைத் தாண்டிக் கேட்டானாம், இருபத்தெட்டு வயதாகியும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று. தங்கைகள் இருக்கிறார்கள் என்று சொன்னீர்களாம். அவன் புரிந்தது மாதிரி தலையை ஆட்டி, அவசரத்துக்குச் செய்தி சொல்ல யாருடைய விலாசம் என்று கேட்டிருக்கிறான். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் வீட்டில் நான்தான். என் பெயரைக் கொடுத்து, கல்யாணமாகி அம்மாவோடு இருக்கும் தங்கை என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். ஆக, என்னை எடுத்துவிட்ட விண்ணப்பத்துக்குள் நான் வேறு வழியாகத் திரும்ப நுழைந்தேன், உங்கள் தங்கையாக.

பாய் இன்னொரு எச்சரிக்கையும் செய்திருந்தார். தோட்டத்துத் தபால் எல்லாம் ஆபீசுக்கு ஒரே பையில் வரும். அங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்களாம், பெரும்பாலும் தமிழ் ஆள்தான். "அவன் பிரிச்சிப் படிச்சிட்டுத்தான் குடுப்பான். பார்த்து எழுதுங்கோ" என்றார். அதனால் முதல் கடிதம் அன்புள்ள தங்கச்சிக்கு என்று வந்தது. முன்னாலேயே பேசி வைத்ததுதான். இருந்தும் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாள் பதில் எழுதவில்லை. நாலாம் நாள் அன்புள்ள அண்ணாவுக்கு என்று எழுதினேன்.

அடுத்த கடிதத்தில் நீங்கள் கேட்டீர்கள்: உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார்?

அதைப் படித்துவிட்டு டிராம் நிறுத்தத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். கிராணி படித்தாலும் உங்களைப் பற்றி உங்களிடமே பேச அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. அவருக்கென்ன குறை, வேளைக்குச் சாப்பிடுகிறார், நான் என்ன புடவை கட்டியிருக்கிறேன் என்று ஏறிட்டும் பார்ப்பதில்லை என்று எழுதினேன். நீங்கள் உடனே அவரைக் கண்டித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போகச் சொல், நான் சொன்னதாகச் சொல் என்று எழுதினீர்கள். நான் தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்து, அழைத்துப் போனார், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார் என்று பதில் போட்டேன். என்ன பேசினார் என்று கேட்டீர்கள். அதையெல்லாம் அண்ணனிடம் சொல்ல முடியுமா என்று எழுதினேன்.

இப்படி மூன்று வருஷம். நாம் இருவரும் சேர்ந்து அந்த மனுஷரை ஒரு ஆளாக்கினோம். அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. மழை வந்தால் தும்முவார். அவர் சட்டைப் பொத்தான் எப்போதும் ஒன்று குறையும், அதை நான் திட்டிக்கொண்டே தைப்பேன். எனக்கு ஜுரம் என்று எழுதியபோது, பொடி மருந்தின் அளவை எழுதி, உன் வீட்டுக்காரரைப் பக்கத்திலேயே இருக்கச் சொல், வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல் என்று எழுதினீர்கள். அந்தக் கடிதம் வந்தபோது ஜுரம் விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஒரே ஒரு முறை சண்டை போட்டேன். உங்கள் இரண்டாவது தங்கையின் கல்யாணம் நடந்த மாதம். எல்லாரும் ஜோடியாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், நான் பந்தியைக் கவனிக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அன்று எழுதினேன்: அண்ணா, என் வீட்டுக்காரர் ஒரு கோழை. எனக்கு ஒரு மனைவி இருக்கிறாள் என்று நாலு பேர் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. மற்ற எல்லாக் கடிதத்தையும்விடச் சின்னது. உன் வீட்டுக்காரர் கோழைதான், ஒப்புக்கொள்கிறார். ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. புதிதாகப் போடுவதற்கு முன்னால் அவர் போய்த் துரையிடம் உள்ளதைச் சொல்லிவிடுவார். போனால் வேலைதானே போகும். நீ துணிமணி தயாராக வைத்துக்கொள். கிராணி படித்தால் படிக்கட்டும் என்று துணிந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

கோழை என்றெல்லாம் சொல்லிவிட்டேனே என்று உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்கவேண்டியதில்லை, நேரில் பார்க்கத்தானே போகிறோம் என்று இருந்துவிட்டேன். லஸ் முனைக்குப் போய், கனமான துணியில் இரண்டு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். அங்கே மழை ஜாஸ்தி என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

துரையின் கடிதம் அக்டோபரில் வந்தது. அத்தை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். டைப் அடித்த விலாசத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, எத்தனை சுத்தமாக அடித்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தில் காய்ச்சல் பரவியதாம். துரை எழுதியிருந்தார்: இரண்டு வாரம் உங்கள் அண்ணன் வீடு வீடாகப் போனார், அவரால் பிழைத்தவர்கள் பலர், மூன்றாவது வாரம் அவரே படுத்துவிட்டார். அங்கேயே மாதாகோவில் கல்லறையில் அடக்கம் செய்தோம். கடைசியில் இப்படி இருந்தது: இந்தத் துக்கத்தில் உங்கள் பக்கத்தில் உங்கள் கணவர் இருக்கிறார் என்பது எங்களுக்கு ஓர் ஆறுதல். அவருக்கும் எங்கள் அனுதாபத்தைத் தெரிவியுங்கள்.

"இன்னா எழுதிக் கீறான்?" என்று அத்தை கேட்டார்கள்.

சொன்னேன். ஒரு கையால் என் மணிக்கட்டையும் மறு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். "உன்னை இன்னான்னு போட்டுக் கீறான்?" என்றார்கள் பிறகு. தங்கச்சி என்று சொன்னேன். அத்தை அதற்குத்தான் முதலில் அழுதார்கள்.

மறுநாள் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்த் துரைக்குப் பதில் அடித்தேன். நான் அவருடைய தங்கை அல்ல, மனைவி. எங்களுக்குக் கோவிலில் கல்யாணம் நடந்தது, சர்ட்டிபிகேட் நகல் இத்துடன் இருக்கிறது. விண்ணப்பத்தில் இருந்த பொய்யை அடித்தவள் நான்தான், அவர் வேண்டாம் என்றார். இவ்வளவுதான். பயமே இல்லை. இனி யார் உங்களை வேலையிலிருந்து நீக்க முடியும்? ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு எழுத்துப் பிசகியது. மூன்று தாள் வீணானது, நாலாவதுதான் சுத்தமாக வந்தது.

துரை நல்ல மனுஷன். ஆபீஸ் பதிவிலும், அங்கிருக்கும் சாமியாரிடம் சொல்லிக் கல்லறைப் பதிவேட்டிலும் கல்யாணம் ஆனவர் என்று திருத்திவிட்டதாகவும், மனைவி என்ற இடத்தில் என் பெயரைச் சேர்த்துவிட்டதாகவும் எழுதினார். ஆக இப்போது எல்லாப் பேப்பரிலும் நான் உங்கள் மனைவி. நீங்கள் உயிரோடு இருந்தபோது கிடைக்காதது, இப்போது முத்திரையோடு கிடைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு நீங்கள் வேண்டும். பேப்பர் வேண்டாம்.

உங்களை அங்கே மண்ணில் வைத்துவிட்டார்கள் என்பது என் புத்திக்குப் புரிகிறது. புரியாதது ஒன்று இருக்கிறது. மூன்று வருஷக் கடிதங்களைப் படித்துப் பார்த்தால், அந்தத் தோட்டத்துக்குப் போனவர் என் அண்ணன். என் வீட்டுக்காரர் எங்கேயும் போகவில்லை. இங்கேதான் இருந்தார், தும்மிக்கொண்டு, கத்தரிக்காயை ஒதுக்கி வைத்துக்கொண்டு, பொத்தான் இல்லாத சட்டையோடு. எனக்கு ஜுரம் வந்தபோது பக்கத்தில் இருந்தவர் அவர். அண்ணனை அடக்கம் செய்துவிட்டார்கள். இந்த மனுஷரை நான் எங்கே கொண்டுபோய் அடக்கம் செய்வது? அவரை இன்னும் என்னோடுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அத்தைக்குத் தெரியாமல் சில நாள் அவரிடம் பேசவும் செய்கிறேன்.

துரை எழுதிய கடிதத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். என் கணவருக்கு அனுதாபத்தைத் தெரிவிக்கச் சொன்னாரே, அது ஒன்றுதான் செய்யாமல் இருந்தது. அதைத்தான் இப்போது செய்கிறேன்.

என்னங்க, மலாயாவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் அண்ணன் போய்விட்டாராம். எனக்கு அழுகை நிற்கவில்லை. எங்கே இருந்தாலும் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்கு வாருங்கள்.